சுபிக்ஷா மூடிய கதையும் நம் கீழ்த்தளக் கடையும்

நம் குடியிருப்பின் மெயின் கேட்டுக்கு எதிரே இருந்த சூப்பர் மார்க்கெட் போன மாதம் ஷட்டரை இறக்கியதும் நம் வாட்ஸ்அப் குழுவில் எத்தனை மெசேஜ் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். "நல்லா ஓடிட்டிருந்த கடைதானே, ஏன் மூடினாங்க?" என்று பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர், கார்டில் சேர்த்து வைத்திருந்த பாயிண்ட்டை இனி யாரிடம் போய்க் கேட்பது என்று கேட்டார்கள். பி பிளாக்கில் தனியாக இருக்கும் பெரியவர்கள் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. அவர்களுக்குத்தான் இப்போது ஒரு பால் பாக்கெட்டுக்கும் அரைக் கிலோ துவரம் பருப்புக்கும் சர்வீஸ் ரோட்டைக் கடந்து போக வேண்டியிருக்கிறது. லாரி வருகிற நேரத்தில் அந்த ரோட்டைக் கடப்பது எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கிடையில் நம் கீழ்த்தளத்தில் காலியாக இருக்கும் கடைக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. ஒன்று, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து. இன்னொன்று, ராயக்கோட்டை ரோடு பக்கம் 18 வருடமாக மளிகைக் கடை நடத்துகிறவரிடமிருந்து. அடுத்த பொதுக்குழுவில் முடிவெடுக்க வேண்டும். "சார், நீங்க பேங்க்ல இருந்தவர். இந்த மாதிரிக் கடைங்க ஏன் திடீர்னு காணாமப் போகுதுன்னு நியூஸ்லெட்டருக்கு எழுதிக் குடுங்க" என்று செயலாளர் கேட்டார். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் 34 வருடமும் கிளார்க்காகவே இருந்து ஓய்வு பெற்றவன். லோன் கொடுத்தவன் இல்லை, கொடுத்த லோனின் லெட்ஜரை எழுதியவன். பி.காம். படித்த காலத்தில் பாடப் புத்தகத்தில் புரியாத பல விஷயங்கள் அந்த லெட்ஜரில்தான் புரிந்தன.

எதிர்க் கடை ஏன் மூடியது என்பது எனக்கும் தெரியாது. அங்கே வேலை பார்த்த பெண்ணைக் கேட்டேன். "பெங்களூர்லேர்ந்து சொல்லிட்டாங்க அங்கிள், சனிக்கிழமையோட கடைசின்னு" என்றாள். அவ்வளவுதான் அவளுக்கும் தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய, எல்லோர் கண் முன்பும் நடந்த ஒரு கதை இருக்கிறது. நம்மில் 40 வயது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சுபிக்ஷா.

1997இல் சென்னை திருவான்மியூரில் சுபிக்ஷாவின் முதல் கடை திறந்தது. தொடங்கியவர் ஆர். சுப்பிரமணியன். சென்னை ஐஐடியிலும் அகமதாபாத் ஐஐஎம்மிலும் படித்தவர். அதற்கு முன்பே விஸ்வப்ரியா என்ற நிதி நிறுவனத்தை நடத்திவந்தவர். படிப்பைப் பார்த்தால் ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்திருக்க வேண்டிய ஆள். அவர் பருப்பும் எண்ணெயும் விற்க வந்தார்.

என் அக்கா வீடு அப்போது திருவான்மியூரில்தான். நான் சென்னை போய்விட்டுக் கிளம்பும் நாளில் ஒரு கட்டைப் பை தயாராக இருக்கும். எண்ணெய் பாக்கெட், காபித் தூள், துணி சோப்பு, பற்பசை. "ஓசூர்ல இதெல்லாம் கிடைக்காதா அக்கா? பஸ்ல 300 கிலோமீட்டர் தூக்கிட்டுப் போகணுமா?" என்பேன். "கிடைக்கும்டா, இந்த விலைக்குக் கிடைக்குமா?" என்பாள். அத்தான் ஒன்றும் பேசாமல் பையை ஆட்டோவில் ஏற்றுவார்.

அந்த விலைதான் விஷயம். அந்தக் காலத்தில் பாக்கெட்டில் என்ன விலை அச்சிட்டிருக்கிறதோ அதைக் கொடுப்பதுதான் நமக்குத் தெரிந்த நியாயம். அதிகபட்ச விலை என்றால் அதற்குக் கீழே விற்கலாம் என்றுதான் பொருள். அதைத் தெருக்கோடிக் கடையில் அன்றாடம் செய்து காட்டியது சுபிக்ஷா. மருந்துக்கும் 10 சதவீதம் தள்ளுபடி. மாதாமாதம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குகிற வீட்டில் அந்த 10 சதவீதம் எவ்வளவு பெரிய தொகை என்று நம் குடியிருப்பில் பாதிப் பேருக்குத் தெரியும்.

கடை பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ஏசி கிடையாது. டியூப்லைட், இரும்பு ரேக், குறுகலான வழி. மெயின் ரோட்டில் இருக்காது, உள் தெருவில் இருக்கும். அதனால் வாடகை குறைவு. உற்பத்தியாளர்களிடம் மொத்தமாக வாங்கி, பணத்தைச் சீக்கிரம் கொடுத்து, அதற்கென்று தனியாகத் தள்ளுபடி வாங்கி, அதில் ஒரு பகுதியை வாடிக்கையாளருக்குக் கொடுப்பார்கள். நம் ஊர் மொத்த வியாபாரிகளுக்கு இது புதிதில்லை. 'ரொக்கம் கொடுத்தால் ஒரு விலை, கணக்கில் எழுதினால் ஒரு விலை' என்பது பழைய ஓசூர்ச் சந்தையிலும் உண்டு. அதைக் கம்ப்யூட்டர் பில்லோடு நூறு கடையில் செய்தது புதிது.

இதில் லாபம் எங்கே வருகிறது என்று கேட்கலாம். ஒரு பேச்சுக்கு, 100 ரூபாய் சரக்கில் செலவெல்லாம் போக 2 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். கேவலமான லாபம்தான். ஆனால் அந்தச் சரக்கு 15 நாளில் விற்றுத் திரும்பி, அதே 100 ரூபாய்க்கு மறுபடி சரக்கு வாங்கினால் வருடத்தில் 24 சுற்று. 24 இரண்டு 48. போட்ட 100 ரூபாய்க்கு 48 ரூபாய். மளிகை வியாபாரத்தின் உயிரே இந்தச் சுற்றில்தான் இருக்கிறது. சுற்று நின்றால் 2 ரூபாய் வெறும் 2 ரூபாய்தான். சுற்றாமல் நின்றாலும் வாடகையும் சம்பளமும் வட்டியும் நிற்காது.

முதல் எட்டு, ஒன்பது வருடம் சுபிக்ஷா நிதானமாகத்தான் வளர்ந்தது. முதலில் சென்னை, பிறகு தமிழ்நாட்டின் மற்ற ஊர்கள், புதுச்சேரி. ஐசிஐசிஐ வென்ச்சர் என்ற முதலீட்டு நிறுவனம் பங்கு வாங்கியது, பின்னாளில் அதன் கையில் சுமார் 23 சதவீதம் இருந்தது. 2006இல் கடைகளின் எண்ணிக்கை 150ஐ ஒட்டி இருந்தது.

அந்த வருடம்தான் நாடு முழுக்க ஓட்டம் ஆரம்பித்தது. ரிலையன்ஸ் ஃப்ரெஷ் 2006 நவம்பரில் ஹைதராபாத்தில் கால் வைத்தது. பிர்லா குழுமம் அடுத்து வந்தது. தமிழ்நாட்டில் வணிகர் சங்கங்கள் பெரிய கம்பெனிகளுக்கு எதிராகக் கொடி பிடித்தன. சுபிக்ஷா என்ன நினைத்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. பணக்காரர்கள் வந்து இடம் பிடிப்பதற்குள் நாம் பிடித்துவிட வேண்டும். டெல்லி, மும்பை, குஜராத், ஆந்திரா, கர்நாடகா என்று கடைகள் திறந்தன. மளிகை, காய்கறி, மருந்து போதாதென்று மொபைல் போன் விற்பனையிலும் இறங்கினார்கள். 2008 முடிவதற்குள் சுமார் 1,600 கடைகள். இரண்டரை வருடத்தில் சுமார் 1,450 கடைகள் என்றால் நாளுக்கு ஒன்றரைக்கும் மேல். ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று வங்கி விஷயம் சொல்ல வேண்டும்.

வியாபாரிக்கு வங்கி கொடுக்கும் முக்கியமான கடன் 'கேஷ் கிரெடிட்'. கடையில் இருக்கும் சரக்கை நம்பிக் கொடுப்பது. மாதம் ஒரு முறை அவர் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்க வேண்டும். கையில் 10 லட்சம் சரக்கு, அதில் 2 லட்சம் இன்னும் பணம் கொடுக்காதது என்றால் 8 லட்சம்தான் கணக்கு. அதில் 25 சதவீதம் மார்ஜின் கழித்து 6 லட்சம் வரை எடுக்கலாம். இதற்கு 'டிராயிங் பவர்' என்று பெயர். சரக்கு விற்கும், பணம் கணக்கில் வந்து விழும், மறுபடி எடுத்துச் சரக்கு வாங்குவார். கணக்கு மூச்சு விடுவது போல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இந்தப் பணத்தில் சரக்குதான் வாங்கலாம். இன்னொரு கடைக்கு அட்வான்ஸ் கொடுப்பது, ரேக் அடிப்பது, கம்ப்யூட்டர் வாங்குவது எல்லாம் வேறு கணக்கு. அதற்குச் சொந்தப் பணம் வேண்டும், அல்லது வருடக் கணக்கில் திருப்பிக் கட்டும் டேர்ம் லோன் வேண்டும்.

கிருஷ்ணகிரியில் நான் இருந்த கிளையில் ஒரு வியாபாரி இருந்தார். பெயர் வேண்டாம். ஒரு கடையில் அருமையாக வியாபாரம் செய்தவர். காலை பத்து மணிக்குக் கல்லாப் பணத்தை மஞ்சள் பையில் கொண்டு வந்து கட்டுவார், சில்லறையை எண்ணி முடிக்கவே எனக்கு அரை மணி ஆகும். பக்கத்து ஊரில் இரண்டாவது கடை போட்டார், பிறகு மூன்றாவது. மஞ்சள் பை மெலிந்தது. அவர் கணக்கு லிமிட்டின் உச்சியிலேயே நின்றது, இறங்கவே இல்லை. அதை லெட்ஜரில் முதலில் பார்த்தவன் நான். ஆனால் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் மட்டும் மாதாமாதம் ஒழுங்காக வந்தது. ஒரு நாள் ஆபீசர் குடோனுக்குப் போனார், உதவிக்கு நானும் போனேன். முன்வரிசையில் அட்டைப் பெட்டிகள் கனமாக இருந்தன. பின்வரிசைப் பெட்டியை நான் ஒரு கையால் தூக்கினேன், தூக்கிய வேகத்தில் பின்னால் சாய்ந்துவிட்டேன். காலிப் பெட்டி. அவர் திருடர் இல்லை. சரக்குப் பணத்தை மூன்று ஊரில் அட்வான்ஸாகவும் ரேக்காகவும் போட்டுவிட்டார். அது கடையாக இருந்தது, பணமாக இல்லை. ஆபீசர் எதிரில் அவர் அழுததை நான் இன்றுவரை மறக்கவில்லை.

சுபிக்ஷாவின் கணக்குப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் பொதுவெளியில் வந்த விஷயங்களைப் படித்தபோது எனக்கு அந்தக் குடோன்தான் ஞாபகம் வந்தது. விரிவாக்கத்தின் வேகத்துக்கு ஏற்ற பங்கு மூலதனம் வரவில்லை, கடன்தான் வந்தது. 2008இல் அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் ஐசிஐசிஐ வென்ச்சரிடமிருந்து 10 சதவீதப் பங்கை 230 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பத்திரிகைகளில் பெரிய செய்தி. அந்தக் கணக்கில் பார்த்தால் கம்பெனியின் மதிப்பு 2,300 கோடி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பங்குதாரர் இன்னொருவரிடம் பங்கை விற்றால் பணம் விற்றவருக்குத்தான் போகும், கம்பெனிக் கல்லாவுக்கு ஒரு ரூபாய் வராது. நம் ஏ பிளாக்கில் ஒரு வீடு ஒரு கோடிக்குக் கைமாறினால் சங்கத்தின் வங்கிக் கணக்கு ஏறுமா? அது போலத்தான்.

பங்குச் சந்தைக்குப் போய்ப் பணம் திரட்டத் திட்டம் இருந்தது. ஏற்கெனவே சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த ப்ளூ கிரீன் என்ற சிறிய கம்பெனியோடு இணைந்து உள்ளே நுழையவும் முயன்றார்கள். காலம் ஒத்துழைக்கவில்லை. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 9,000க்குக் கீழே இறங்கியது. நடுவில் செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அப்போது எங்கள் கிளைக்கே புதுக் கடன் விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி சர்க்குலர் மேல் சர்க்குலர் வந்தது. எங்கோ நியூயார்க்கில் விழுந்த இடிக்கு இங்கே திருவான்மியூர் ரேக் ஏன் காலியாக வேண்டும் என்றால், இதனால்தான். கடனை நம்பி ஓடும் வண்டிக்குக் கடன் நின்றால் பெட்ரோல் நின்ற மாதிரி.

அதன் பிறகு எல்லாம் சில மாதங்களில் முடிந்தது. சரக்கு கொடுத்தவர்களுக்குப் பாக்கி, ஆகவே புதுச் சரக்கு வரவில்லை. சரக்கு இல்லாததால் விற்பனை இல்லை, விற்பனை இல்லாததால் பணம் இல்லை. நான் முன்பு சொன்ன 24 சுற்றும் நின்றுவிட்டது. ஊழியர்களுக்குச் சம்பளம் வரவில்லை. கடை உரிமையாளர்களுக்கு வாடகை வரவில்லை. காவல் நிறுவனத்துக்குப் பணம் போகாததால் காவலாளிகள் விலகிக்கொண்டார்கள், பல கடைகள் சூறையாடப்பட்டன என்று நிறுவனமே சொன்னது. 2009 தொடக்கத்தில், கையில் பணமில்லை, மறுபடி நடத்த சுமார் 300 கோடி வேண்டும் என்று சுப்பிரமணியன் வெளிப்படையாகச் சொன்னார். பங்கு மூலதனம் திரட்டாமல் கடனை வைத்து விரிவாக்கியது தவறு என்றும் ஒப்புக்கொண்டார். 13 வங்கிகளுக்குச் சுமார் 750 கோடி பாக்கி. கடன் மறுசீரமைப்பு முயற்சி நடந்தது, பலிக்கவில்லை. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. அந்தச் சங்கிலி அதன் பிறகு மீளவே இல்லை.

நிறுவனரின் பிற்காலக் கதை வேறு மாதிரிப் போனது. வங்கிக் கடன் தொடர்பான ஒரு வழக்கில் 2018இல் அமலாக்கத்துறை அவரைக் கைது செய்தது. விஸ்வப்ரியாவில் பணம் போட்டவர்கள் ஏமாற்றப்பட்ட வழக்கில் 2023 நவம்பரில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் 20 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அது நீதிமன்றத்தின் விஷயம். நான் அதற்குள் போகவில்லை. ஏனென்றால் 'ஆள் சரியில்லை, அதனால் கடை மூடியது' என்று சொல்லிவிட்டால் நமக்குச் சௌகரியமாகப் போய்விடும். எந்தக் குற்றமும் செய்யாதவர்களின் கடைகளும் இதே கணக்கில் மூடியிருக்கின்றன. எங்கள் மஞ்சள் பைக்காரர் மூன்றையும் மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று பார்த்தால், என் அக்கா மாதிரி வாடிக்கையாளர்களுக்குத்தான் மிகக் குறைவு. பத்து வருடம் மலிவாக வாங்கினாள், மூடியதும் பழைய மளிகைக் கடைக்குத் திரும்பினாள். கடைக்காரர், "வாங்கம்மா, ரொம்ப நாளாச்சு" என்று மட்டும் சொன்னாராம். அக்காவுக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்ததாம். ஆனால் அவருக்காவது கடை மிச்சமிருந்தது. அதே தெருவில் இன்னொரு சிறிய கடை சுபிக்ஷாவோடு போட்டி போட முடியாமல் முன்பே மூடிவிட்டது. பெரிய கடை வந்ததால் ஒன்று போனது, அந்தப் பெரிய கடையும் போன பிறகு தெருவில் முன்பு இருந்ததைவிட ஒரு கடை குறைவு. என் கண்ணுக்கு இதுதான் அந்தக் கதையில் முக்கியமான வரவு செலவு. எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஓசூர் சங்கிலிக் கடைகளுக்கு எப்போதுமே ஒரு சங்கடமான ஊர். சென்னைக் குடோனிலிருந்து 300 கிலோமீட்டர். பெங்களூர் குடோனிலிருந்து 40 கிலோமீட்டர், ஆனால் நடுவில் மாநில எல்லை. ஜிஎஸ்டிக்கு முன்னால் அத்திப்பள்ளி தாண்டி விற்பனைச் சரக்கு வந்தால் மத்திய விற்பனை வரி உண்டு. 2007 மார்ச் வரை 4 சதவீதம், பிறகு 3, 2008 ஜூன் முதல் 2. அதை இங்கே விற்கும்போது கழித்துக்கொள்ளவும் முடியாது. 100 ரூபாயில் 2 ரூபாய் நிற்கும் வியாபாரத்தில் 2 ரூபாய் வரி என்றால் என்ன மிச்சம்? ஜூஜூவாடிச் செக்போஸ்ட்டில் லாரி வரிசை கட்டி நிற்கும் டீசல் செலவு தனி. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரிக் கோடு அழிந்தது. பெங்களூரில் குடோன் வைத்திருப்பவர்களுக்கு ஓசூர் இன்னொரு பேட்டை போல ஆகிவிட்டது. அதனால்தான் கடந்த சில வருடங்களில் இங்கே இத்தனை பெயர்ப் பலகைகள். இதில் நமக்கு லாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு. பெங்களூரில் இருந்து ஒரே நாளில் திறக்க முடிகிற கடையை ஒரே நாளில் மூடவும் முடியும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு நம் கடை, கம்ப்யூட்டர் திரையில் கடைசியில் வரும் ஒரு வரி.

பெரிய பெயர் என்றால் நிலைக்கும் என்பதும் இல்லை. 1996இல் சென்னையில் தொடங்கிய ஃபுட்வேர்ல்ட், 2005இல் கூட்டாளிகள் பிரிந்ததும் சென்னையில் பெயர்ப் பலகையை இறக்கியது, கடைகள் ஸ்பென்சர்ஸ் ஆயின. பிரான்சின் கேரஃபோர் 2014இல் இந்தியாவை விட்டே போனது. நம் பக்கத்து மளிகைக்காரர்கள் பலர் சரக்கு எடுக்கப் பெங்களூர் போவார்களே, அந்த ஜெர்மன் மெட்ரோ 2003இல் பெங்களூரில் கடை திறந்தது. இருபது வருடம் இருந்து, 31 கடைகளையும் ரிலையன்ஸிடம் 2,850 கோடிக்கு விற்றுவிட்டு 2023இல் கிளம்பியது. அமெரிக்காவின் வால்மார்ட்டே 2006இல் ஜெர்மனியில் 85 கடைகளை அந்த ஊர் மெட்ரோவிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. போகிறவர்கள் எல்லோரும் நஷ்டத்தில் போவதில்லை. வேறு எங்கோ அந்தப் பணம் இன்னும் வேகமாகச் சுற்றும் என்றாலும் போவார்கள். கம்பெனி என்ற முறையில் அது தவறும் இல்லை.

நிலைத்தவர்களும் இருக்கிறார்கள். திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் ஆரம்பித்தது. குன்னூரில் 1905இல் பிறந்த நீலகிரீஸ் பெயர் இன்னும் இருக்கிறது, கைகள் மாறினாலும். டிமார்ட் 2002இல் முதல் கடை திறந்தது, 2017இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதனிடம் இருந்தவை சுமார் 130 கடைகள்தான். பதினைந்து வருடத்தில் 130. பெரும்பாலும் சொந்தக் கட்டடம் அல்லது நீண்ட காலக் குத்தகை. சுபிக்ஷா மூன்று மாதத்தில் திறந்த எண்ணிக்கை அது.

நம் ஊரில் நிலைத்தது என்றால் எனக்கு உழவர் சந்தைதான் முதலில் தோன்றுகிறது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம், பிறகு நம் ஊருக்கும் வந்தது. விடியற்காலையில் ராயக்கோட்டைத் தக்காளியும் தளிப் பக்கத்துக் கோசும் வந்து இறங்குவதைப் பார்த்தால், இவர்களுக்கு டிராயிங் பவரும் வேண்டாம், லேமன் பிரதர்ஸும் வேண்டாம் என்று தோன்றும். ஆனால் அங்கே துவரம் பருப்பும் மாத்திரையும் கிடைக்காது, காலை பத்தரைக்கு மேல் போனால் காயும் வாடியிருக்கும். ஆக, நம் கீழ்த்தளத்தில் ஒரு கடை வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

இரண்டு விண்ணப்பத்தையும் படித்தேன். நிறுவனம் தருவதாகச் சொல்லும் வாடகை, மளிகைக்காரர் சொல்வதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மாதப் பராமரிப்புக் கட்டணம் ஏறாமல் இருக்க அது உதவும் என்று பொருளாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விலையும் கொஞ்சம் குறைவாக இருக்கும், பில் சுத்தமாக இருக்கும், காலாவதியான பாக்கெட்டைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. மளிகைக்காரர் விஷயத்தில் எனக்கும் ஒன்றிரண்டு குறை உண்டு. அவருடைய இப்போதைய கடைக்குப் போய்ப் பார்த்தேன். பில் கேட்டால் அட்டையின் பின்னால் கூட்டிக் காட்டுகிறார். பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் நான் நின்ற அரை மணியில் இரண்டு பேருக்குக் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு சரக்கு கொடுத்தார், ஒரு பாட்டிக்குப் பையனை அனுப்பிப் பையை வீடு வரை கொண்டு விடச் சொன்னார். "வியாபாரம் சரியா போகலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "என்ன சார் பண்றது, ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இருக்கறதுதான்" என்றார்.

நான் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவேன் என்று இங்கே எழுதப் போவதில்லை, அது பொதுக்குழுவின் உரிமை. நிறுவனத்துக்குத்தான் கொடுப்பது என்றால் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது மட்டும் என் கருத்து. அட்வான்ஸ் பத்து மாத வாடகைக்குக் குறையக் கூடாது, அது சங்கத்தின் பெயரில் தனி டெபாசிட்டாக இருக்க வேண்டும். அவர்கள் இடிக்கக் கேட்கும் நடுச் சுவரை, போகும்போது கட்டிக் கொடுப்பதற்கான செலவை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்பதால் பத்திரம் பதிவு செய்யப்பட வேண்டும், வெறும் ஸ்டாம்ப் பேப்பர் போதாது. 2009இல் சென்னையில் எத்தனையோ கட்டட உரிமையாளர்கள் பூட்டிய கடையையும் உள்ளே கிடந்த ரேக்கையும் வைத்துக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றார்கள்.

கூட்டம் வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு காலை 10.30க்கு, கிளப் ஹாலில். இரண்டு விண்ணப்பங்களின் நகலும் வரைவு ஒப்பந்தமும் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன, மாலை 5 முதல் 7 வரை பார்க்கலாம். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். நாம் ஒன்பது வருடம் வரை அவர்களை வெளியேறச் சொல்ல முடியாது, அவர்கள் முதல் வருடத்துக்குப் பிறகு மூன்று மாத நோட்டீஸில் போகலாம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.